டேபிளில் 4000 கொடுத்தும் நீளம் அதிகம் என்று லோடர் தள்ளிவிடுவது ஏன்?

கேள்வி: ஆரக்கிள் தரவுத்தள டேபிளில் முகவரிக்கு வார்கேர்2(4000) என்ற உரை வகை கொடுத்திருக்கிறேன். ஆனாலும் ஃபைலிலிருந்து டேபிளுக்குத் தரவை ஏற்றும் எஸ்க்யூஎல் லோடரில் சிஎஸ்வி (காற்புள்ளியால் ஃபீல்டுகளைப் பிரித்த ஃபைல்) ஏற்றினால் 'ஃபீல்டு இன் டேட்டா ஃபைல் எக்ஸீட்ஸ் மேக்ஸிமம் லெங்த்' என்று நிறைய வரிகள் தள்ளுபடியாகின்றன. என்ன செய்வது?

பதில்: டேபிளைத் தொடாதீர்கள், கோளாறு கன்ட்ரோல் ஃபைலில், அதாவது எந்த ஃபீல்டை எப்படிப் படிக்க வேண்டும் என்று லோடருக்குச் சொல்லும் ஃபைலில் இருக்கிறது. அதில் ஃபீல்டுக்கு நீளம் எழுதாமல் விட்டால் லோடர் தானாக 255 பைட் என்று வைத்துக்கொள்ளும். டேபிளில் எவ்வளவு இடம் இருக்கிறது என்று எட்டிக்கூடப் பார்க்காது. ஃபீல்டு பெயருக்குப் பக்கத்தில் கேர்(4000) என்று எழுதுங்கள், சரியாகிவிடும். இது டேபிளில் வரும் கேர் வகை இல்லை. அதனால் பின்னால் இடைவெளி நிரப்பிவிடுமோ என்ற பயம் வேண்டாம்.

இது தீர்ந்ததும், தமிழ்த் தரவாக இருந்தால் அடுத்த பிழை ஓஆர்ஏ-12899 வரும், அதாவது டேபிளில் உள்ள இடத்தைவிடத் தரவு பெரிது என்ற பிழை. மதுரையில் கடைகளின் வாடிக்கையாளர் பட்டியலை ஏற்றும்போது நான் அடிக்கடி பார்ப்பது இதைத்தான். எழுத்துகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியீட்டுக்கும் 3 பைட். புள்ளி, கால், கொம்பு எல்லாம் தனித்தனிக் குறியீடுகள். ஊர் என்ற ஃபீல்டுக்கு வார்கேர்2(50) வைத்திருப்பார்கள். உசிலம்பட்டி 33 பைட், பேசாமல் உள்ளே போய்விடும். திருப்பரங்குன்றம் கண்ணுக்கு 10 எழுத்து, ஆனால் 17 குறியீடு, ஆக 51 பைட். 'ஆக்சுவல் 51, மேக்ஸிமம் 50' என்று அந்த வரி மட்டும் விழும். அமைப்பை யாரும் மாற்றாதவரை ஆரக்கிள் அந்த 50ஐ பைட்டாகத்தான் எண்ணும். வார்கேர்2(50 கேர்) என்று மாற்றிவிடுங்கள், அப்போது 50 குறியீடு என்று எண்ணும். தமிழுக்கு டேபிள் கட்டும் யாரும் இதை முதல் நாளே செய்துவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. ஆனால் வழக்கமான அமைப்பில் மொத்த உச்சவரம்பு 4000 பைட்தான். அதற்கு மேல் நீளும் குறிப்புகளுக்கு சிலாப் (CLOB) என்ற நீண்ட உரைக்கான வகை வேண்டும்.

அப்புறம், பின்கோடு ஃபீல்டு நீளம் அதிகம் என்று பிழை வந்தால் பின்கோடைச் சந்தேகப்படாதீர்கள். '12, தெற்கு மாசி வீதி' என்பதில் இருக்கும் காற்புள்ளி முகவரியை இரண்டாக உடைத்து மிச்சத்தை அடுத்த ஃபீல்டுக்குத் தள்ளியிருக்கும். சிஎஸ்வியில் முகவரி இரட்டை மேற்கோளுக்குள் இருக்கட்டும், கன்ட்ரோல் ஃபைலில் 'ஆப்ஷனலி என்க்ளோஸ்டு பை' சேருங்கள்.

சோதித்துப் பார்க்கும்போது எத்தனை பிழை வரை பொறுக்கலாம் என்று லோடருக்குச் சொல்லும் எர்ரர்ஸ் எண்ணைக் கூட்டி வையுங்கள். சும்மா விட்டால் 50 பிழையைத் தாண்டியதும் லோடர் நின்றுவிடும். கூட்டி வைத்தால் தள்ளுபடியான வரிகள் எல்லாம் ஒரே ஓட்டத்தில் பேட் ஃபைலுக்கு வந்துவிடும். காரணம் லாக் ஃபைலில் இருக்கும். திருத்திவிட்டு அந்த பேட் ஃபைலையே மறுபடி ஏற்றலாம்.