தனி ஜெபத்துக்கு எப்படி நேரம் ஒதுக்குகிறீர்கள்?

"வேலை, பிள்ளைகள், சபைக் கூட்டங்கள் என்று நாள் ஓடிவிடுகிறது. தனியாக, அமைதியாக உட்கார்ந்து ஜெபிக்க நேரமே கிடைப்பதில்லை. நீங்கள் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நான் வேலூரில் நர்ஸ். வீடு சத்துவாச்சாரியில். மாமியார், கணவர், இரண்டு பிள்ளைகள். டூட்டி காலை, மதியம், இரவு என்று மாறிக்கொண்டே இருக்கும். அதனால் "அதிகாலை நாலு மணிக்கு எழுந்து பாருங்க சிஸ்டர்" என்று யாராவது ஆலோசனை சொன்னால் எனக்குச் சிரிப்புதான் வரும். நைட் டூட்டியில் அந்த நேரத்துக்கு நான் யாருக்காவது பி.பி. பார்த்துக்கொண்டிருப்பேன்.

அதிகாலைக்கு வசன ஆதாரம் இருக்கிறது, மறுக்கவில்லை. மாற்கு முதல் அதிகாரத்தில் இயேசு இருட்டோடே எழுந்து வனாந்தரமான ஓரிடத்துக்குப் போய் ஜெபிக்கிறார். ஆனால் லூக்கா ஆறில் அதே இயேசு ராத்திரி முழுக்க மலையில் ஜெபிக்கிறார். தானியேலுக்கு மூன்று வேளை. பேதுரு நட்டநடு மத்தியானம் மாடிக்கு ஏறுகிறார், அதுவும் பசியோடு. (எங்கள் ஊரில் மே மாதம் அப்படி ஏறினால் உள்ளங்கால் வெந்துவிடும்.) மணி விஷயத்தில் வேதம் நம்மைக் கட்டிப்போடவில்லை.

மாற்குவில் நான் திரும்பத் திரும்ப வாசிப்பது முந்தின நாள் சாயங்காலத்தைத்தான். பட்டணம் முழுவதும் நோயாளிகளோடு வந்து வீட்டு வாசலில் கூடி நிற்கிறது. ஓ.பி. வரிசையைப் பார்த்தவர்களுக்கு இது நன்றாகவே புரியும். விடிந்ததும் மறுபடி தேடுகிறார்கள். சீமோன் பின்னாலேயே போய், "உம்மை எல்லாரும் தேடுகிறார்கள்" என்கிறார். வேலையெல்லாம் முடிந்து ஓய்வு கிடைத்ததால் இயேசு தனியாகப் போகவில்லை. கூட்டம் காத்திருக்கும்போதே போனார். வந்தவர்களோடு திரும்பிப் போகாமல், அடுத்த ஊர்களுக்குப் போவோம் என்கிறார். எதைச் செய்வது, எதை விடுவது என்பது அந்தத் தனிமையில்தான் தெளிவாகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது.

எங்கள் ஊருக்கு வந்த அமெரிக்க மிஷனரி டாக்டர் ஐடா ஸ்கடர் அம்மா கதையிலும் இதைப் பார்க்கலாம். அப்போது அவர் இன்னும் டாக்டர் ஆகவில்லை. பிரசவத்தில் தவிக்கும் மனைவிகளுக்காக ஒரே ராத்திரியில் மூன்று பேர் வந்து கதவைத் தட்டினார்கள் என்று வேலூரில் சின்னப் பிள்ளைகூடச் சொல்லும். (நடந்தது திண்டிவனத்தில்.) அந்த ராத்திரி அவர் தூங்காமல் தனியாக ஜெபத்தில் போராடித்தான் டாக்டராக முடிவெடுத்தார் என்பதை மட்டும் அவசரமாகத் தாண்டிவிடுவோம். 1900இல் இங்கே ஒற்றைப் படுக்கையோடு அவர் தொடங்கிய வைத்தியம்தான் இன்றைய சி.எம்.சி. (கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி) ஆஸ்பத்திரி.

சரி, நம் கதைக்கு வருவோம். நேரத்தைத் தின்பது வேலையும் வீடும் மட்டும்தானா? ஞாயிறு ஆராதனை, புதன் வேதபாடம், வெள்ளி உபவாச ஜெபம், பெண்கள் ஐக்கிய சங்கம், யாராவது ஒருவர் வீட்டில் ஜெபக்கூட்டம், மாதக் கடைசியில் முழு இரவு ஜெபம். எல்லாம் நல்லதுதான். ஆனால் இத்தனைக்கும் தவறாமல் போகிற ஒருவர், தேவனோடு தனியாக ஒரு வார்த்தை பேசாமலே மாதத்தை ஓட்டிவிடலாம். கூட்டத்தில் அடுத்தவர் ஜெபத்துக்கு ஆமென் சொல்வோம். நம் முறை வரும்போது, பக்கத்தில் இருப்பவர் காதில் இது எப்படி விழுகிறது என்று பாதி மனசு கவனித்துக்கொண்டிருக்கும். தனியாக இருக்கும்போது அந்தத் தொல்லை இல்லை. அழகாகப் பேச வேண்டிய அவசியமும் இல்லை.

அப்புறம் இடம். அறைவீட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டு என்கிறது மத்தேயு 6. எங்கள் வீட்டில் தாழ்ப்பாள் ஒழுங்காக விழுகிற ஒரே கதவு பாத்ரூம் கதவு! அதனால் எனக்கு மொட்டை மாடி. பொழுது சாய்ந்ததும் ஒரு வாளித் தண்ணீரைத் தரையில் கொட்டி, சூடு தணிந்த பிறகு பாயை விரிப்பேன். போன் கீழேயே கிடக்கும். முதலில் மாமியார் எங்களுக்குள் ஏதோ சண்டை என்று நினைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "அதுக்கென்னம்மா, நீ போ, குக்கரை நான் பாத்துக்கறேன்" என்றார். வீட்டாரிடம் வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். சொல்லாமல் ஒதுங்கினால் கோபித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதாகத்தான் நினைப்பார்கள்.

டூட்டி நாட்களில் ஆஸ்பத்திரிச் சிற்றாலயம். பின்வரிசையில் வங்காளத்திலிருந்தோ ஜார்க்கண்டிலிருந்தோ வந்த யாராவது மடியில் எக்ஸ்ரே கவரை வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருப்பார்கள். நானும் ஒரு ஓரத்தில் உட்காருவேன். பத்து நிமிஷம் கிடைத்தாலே பெரிய விஷயம்.

உட்கார்ந்ததும் மனசு அடங்கிவிடும் என்று எதிர்பார்க்காதீர்கள். பையனுக்கு ஸ்கூல் பீஸ் கட்டியாச்சா, நாளைக்கு மாவு இருக்கிறதா என்று வரிசையாக வரும். அதை விரட்டப் பார்த்தால் அதுவே ஒரு வேலையாகிவிடும். ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் பக்கத்தில் வைத்துவிட்டு, ஒரு சங்கீதத்தை மெதுவாக வாசிக்கிறேன். அதில் எங்காவது மனசு நின்றால் அங்கேயே இருந்துவிடுவேன். சில நாள் எதுவுமே நடக்காது. அப்படியே எழுந்து கீழே போய்விடுவேன்.

கொஞ்சம் நீளமாக அமைதி வேண்டும் என்றால் திருப்பத்தூர் கிறிஸ்துகுல ஆசிரமம் பக்கம்தான். ஜேசுதாசன், பாரஸ்டர் பேட்டன் என்ற இரண்டு டாக்டர்கள் 1921இல் தொடங்கியது. நோயாளிகளைப் பார்ப்பதையும் தியானத்தில் இருப்பதையும் ஒரே வாழ்க்கையாக வைத்துக்கொண்டவர்கள். நம் ஊர்க் கோயில் பாணியில் கட்டிய ஜெபாலயம் அங்கே இருக்கிறது.

நேரம் எங்கிருந்து வரும் என்றால், வாரத்தில் ஏதாவது ஒரு கூட்டத்தை விட்டுப் பாருங்கள். நான் விட்டது வெள்ளிக்கிழமை. ஏன் வரவில்லை என்று செயலாளர் கேட்டால் டூட்டி என்று சாக்குச் சொல்ல வேண்டாம், ஜெபம் பண்ணினேன் என்றே சொல்லுங்கள். "அதை இங்கே வந்து பண்ணக்கூடாதா?" என்று கேட்பார். என்னிடமும் கேட்டார்கள்.