கோல்ஃப் கிளப்புக்கு (பந்தடிக்கும் மட்டைக்கு) எப்போது அளவெடுக்க வேண்டும்?

கேள்வி: எனக்கு வயது 48, உயரம் 5 அடி 4 அங்குலம், வலக்கைக்காரன். மைத்துனர் அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து கொடுத்த கிளப்புகளை வைத்துச் சென்னையில் இரண்டு வருடங்களாக ஆடுகிறேன். குறைந்த தூரத்துக்கு அடிக்கும் கிளப்புகளான வெட்ஜிலும் 9-ஆம் அயர்னிலும் பந்து பெரும்பாலும் இடப்புறமே போகிறது. புதிய செட் வாங்க எண்ணியிருக்கிறேன். என் போன்ற சராசரி ஆட்டக்காரருக்கு ஃபிட்டிங் (உடம்புக்கேற்பக் கிளப்பை அளவெடுத்துப் பொருத்துவது) தேவைதானா? ஸ்விங் (கிளப்பை வீசும் விதம்) சீரான பிறகு போனால் போதாதா?

பதில்: அளவெடுப்பதை இப்போதே செய்யுங்கள், புதிய செட் வாங்குவதைச் சில மாதங்கள் தள்ளிப்போடுங்கள். உடம்புக்குப் பொருந்தாத கிளப்பைக் கொண்டு இரண்டு வருடம் ஆடியவரின் ஸ்விங், அந்தக் கிளப்பின் குறையை ஈடுகட்டவே பழகியிருக்கும். பந்து இடப்புறம் போவதைப் பார்த்துப் பார்த்து, நீங்கள் அறியாமலேயே சற்று வலப்புறம் குறிவைத்து நிற்கத் தொடங்கியிருப்பீர்கள். பயிற்சியாளர் உங்களை நேராக நிற்கவைத்தால் பந்து மறுபடியும் இடப்புறம் போகும். அடுத்த வாரமே பழைய நிலைக்குத் திரும்பிவிடுவீர்கள்.

உங்கள் கடிதத்தில் வெட்ஜையும் 9-ஆம் அயர்னையும் குறிப்பாகச் சொல்லியிருப்பதால், நான் முதலில் சந்தேகிப்பது லை கோணத்தைத்தான். கிளப்பின் அடிப்பாகத்தைத் தரையில் சரியாகப் பதித்து வைக்கும்போது ஷாஃப்டுக்கும் (கிளப்பின் தண்டுக்கும்) தரைக்கும் நடுவே அமையும் கோணம் அது. கடையில் கிடைக்கும் 7-ஆம் அயர்னில் பொதுவாக 62 பாகையை ஒட்டி இருக்கும். உயரம் குறைந்தவரின் கைகள் பெரும்பாலும் தாழ்வாகவே நிற்பதால், அதே கிளப்பை அவர் பிடிக்கும்போது கிளப் தலையின் முன்நுனி தரையை விட்டு எழும்பிக்கொள்கிறது. அப்படி எழும்பினால் கிளப்பின் முகம் இடப்புறம் திரும்பும். லாஃப்ட், அதாவது முகம் பின்புறமாகச் சாய்ந்திருக்கும் கோணம், கூடக் கூட இந்தத் திருப்பமும் கூடும். லாஃப்ட் 45 பாகை உள்ள பிட்சிங் வெட்ஜில் லை 3 பாகை பிசகினால் முகமும் ஏறக்குறைய 3 பாகை திரும்பிவிடும், அதாவது 100 கெஜத்தில் சுமார் 5 கெஜம் விலகும். அதே பிசகு, லாஃப்ட் 10 பாகை உள்ள, நீண்ட தூரத்துக்கு அடிக்கும் டிரைவரில் அரைப் பாகை அளவுக்குத்தான் வரும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டாம். வெள்ளைப் பலகையில் எழுதும் மார்க்கரால் பந்தின் மேல் ஒரு தடித்த கோடு போட்டு, அந்தக் கோடு செங்குத்தாக, கிளப் படும் பக்கத்தைப் பார்க்கும்படி பந்தை வையுங்கள். மை காய்வதற்குள், துடைத்த 7-ஆம் அயர்னால் வழக்கம்போல அடியுங்கள். முகத்தின் கிடைக்கோடுகளின் மேல் மைக்கோடு பதிந்திருக்கும். அது கிடைக்கோடுகளுக்குச் செங்குத்தாக நின்றால் லை சரி. அதன் தலை முன்நுனிப் பக்கம் சாய்ந்திருந்தால் கிளப் உங்களுக்கு மிகவும் நிமிர்ந்தது (லை கோணம் அதிகம்). ஷாஃப்ட் பக்கம் சாய்ந்திருந்தால் மிகவும் படுத்தது (லை கோணம் குறைவு). ஓர் அடியை மட்டும் நம்பாமல் பத்து அடிகளைப் பாருங்கள். பத்திலும் கோடு நேராக நின்றும் பந்து இடப்புறம் போனால், கோளாறு ஸ்விங்கில் இருக்கிறது. அப்போது பணத்தைப் பயிற்சியாளருக்குக் கொடுப்பதே நியாயம்.

மைத்துனர் கொடுத்த செட் பிங் நிறுவனத்துடையது என்றால், தலைப் பகுதியில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கிறதா என்று பாருங்கள். 1959-இல் அந்த நிறுவனத்தைத் தொடங்கிய கார்ஸ்டன் சோல்ஹைம் ஒரு பொறியாளர். லை கோணத்தை வண்ணத்தால் குறிக்கும் அவர்களுடைய முறையில் கறுப்பு பொது அளவு. மற்ற வண்ணங்கள் அதைவிட நிமிர்ந்தவை அல்லது படுத்தவை. ஆடுபவரின் உயரத்தையும், மணிக்கட்டு மடிப்பிலிருந்து தரை வரையுள்ள தூரத்தையும் சேர்த்துப் பார்த்தே எந்த வண்ணம் என்று தொடங்குவார்கள். இரண்டாவது அளவு முக்கியம், ஏனெனில் ஒரே உயரமுள்ள இருவருக்குக் கை நீளம் வேறாக இருக்கும்.

ஃபிட்டரிடம் (கிளப்பை அளவெடுத்துப் பொருத்துபவரிடம்) போகும்போது நீளத்தை முதலில் முடிவுசெய்யச் சொல்லுங்கள், பிறகே லை. கிளப்பை அரை அங்குலம் குறைத்தால், ஆடும்போது அது சுமார் 1 பாகை படுத்ததுபோல் நடந்துகொள்ளும். வீசும்போது தலை எவ்வளவு கனமாகத் தெரிகிறது என்பதைக் குறிக்கும் ஸ்விங் வெயிட்டும் ஏறக்குறைய 3 புள்ளிகள் இறங்கி, டி2 என்பது சி9 ஆகிவிடும். தலை லேசாகிவிட்டதாகக் கைக்குத் தோன்றுவது இதனால்தான். குட்டையானவர் என்றவுடன் அளவு பார்க்காமல் ஷாஃப்டை அறுத்துக் கொடுப்பவர்களிடம் கவனமாக இருங்கள்.

ஷாஃப்டின் விறைப்பைக் குறிக்க அதில் எழுதியிருக்கும் ஆர் (ரெகுலர்), எஸ் (ஸ்டிஃப்) போன்ற எழுத்துகளுக்குத் தொழில் முழுவதற்குமான பொது அளவு கிடையாது. ஒரு நிறுவனத்தின் ஆர் இன்னொன்றின் எஸ் அளவுக்கு விறைப்பாக இருக்கலாம். எழுத்தை விட்டுவிட்டு எடையைக் கேளுங்கள். சென்னை வெயிலில் பதினெட்டுக் குழிகளையும் நடந்து ஆடுபவருக்கு 120 கிராம் ஸ்டீல் ஷாஃப்ட் கடைசி நான்கு குழிகளில் பாரமாகத் தெரியும். நம் ஊர் வியர்வைக்கு நூல் கலந்த கிரிப் (கைப்பிடி உறை) நல்லது. இடக்கையால் பிடிக்கும்போது நடுவிரலும் மோதிரவிரலும் உள்ளங்கையின் கட்டைவிரல் மேட்டை லேசாகத் தொட்டால் தடிமன் சரி.

பந்தின் வேகம், தூரம், கோணம் ஆகியவற்றை அளக்கும் லாஞ்ச் மானிட்டர் கருவியின் திரையில் அதிக தூரம் போன ஓர் அடியைக் காட்டி விற்பது எளிது. நீங்கள் பத்து அடிகளின் சராசரியையும், அவை எவ்வளவு அகலத்தில் சிதறின என்பதையும் கேளுங்கள். புதிய 7-ஆம் அயர்ன் பழையதைவிட 15 கெஜம் அதிகம் போகிறது என்றால் இரண்டின் லாஃப்டையும் ஒப்பிடுங்கள். பழையது 34 பாகையாகவும் புதியது 29 பாகையாகவும் இருந்தால், அதிக தூரம் போகும் உங்கள் பழைய 6-ஆம் அயர்னுக்கு 7 என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பந்து இறங்கும் கோணம் 45 பாகைக்கு அருகே இல்லாவிட்டால் அது கிரீனில் (குழியைச் சுற்றியுள்ள புல்தரையில்) நிற்காமல் உருண்டோடும். செயற்கைப் புல் விரிப்பில் மட்டும் சோதித்து முடிவெடுக்காதீர்கள். பந்தைத் தொடுவதற்கு முன்பே தரையில் பட்ட கிளப்பும் அங்கே வழுக்கிக்கொண்டு போய்ப் பந்தை நன்றாகவே அடித்துவிடும். மண்ணில் அப்படி நடக்காது.

இப்போதைக்கு, மைக்கோட்டுச் சோதனையில் பிசகு தெரிந்தால், இருக்கும் அயர்ன்களையே வளைத்து லையைத் திருத்தச் சொல்லுங்கள். ஃபோர்ஜ் செய்தவை (உலோகத்தை அடித்து உருவாக்கியவை) எளிதாக வளையும். வார்ப்பு அயர்ன்களைப் பொதுவாக 2 பாகைக்கு மேல் வளைக்கத் தயங்குவார்கள். புதிய செட்டின் விலையோடு ஒப்பிட்டால் இது சிறிய செலவு. அதைக் கொண்டு மூன்று மாதம் ஆடுங்கள். வலப்புறம் குறிவைக்கும் பழக்கம் தானே தளரும். அந்த ஸ்விங்கோடு புதிய செட்டுக்கான ஃபிட்டிங்குக்குப் போங்கள், பழைய 7-ஆம் அயர்னையும் ஒப்பிட்டுப் பார்க்கக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.