எந்தக் குழந்தைக்கு எந்தப் புத்தகம்? சேலம் நூலகரின் பதில்கள்

சேலத்தில் ஒரு நூலகத்தின் குழந்தைகள் பகுதியைப் பார்த்துக்கொள்கிறேன். புதிதாக வரும் சிறார் நூல்களை வாசித்து, மதிப்புரை எழுதி, மற்ற நூலகர்களுக்கும் பள்ளிகளுக்கும் அனுப்புவது என் வேலையில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. அதைப் பற்றிப் பெற்றோரும் ஆசிரியர்களும் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன். ஒரே மாதிரியான கேள்விகளை ஒன்றாகச் சேர்த்திருக்கிறேன்.

சூரமங்கலத்திலிருந்து ஓர் ஆசிரியை: வணக்கம் அம்மா. புதிய புத்தகம் உங்கள் மேசைக்கு வந்ததும் அது நல்ல புத்தகமா என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்?

முதலில் தனியாக, சத்தமில்லாமல் ஒருமுறை வாசிப்பேன். அடுத்த முறை வாய்விட்டு வாசிப்பேன். சுமாரான புத்தகங்கள் பெரும்பாலும் இந்த இரண்டாவது வாசிப்பில் மாட்டிக்கொள்ளும். மூச்சு முட்டும் வாக்கியம், எந்த மனிதரும் பேசாத உரையாடல், ஓசைக்காக இழுத்துக் கட்டிய பாட்டு எல்லாம் நாக்குக்கு உடனே தெரிந்துவிடும். ஐந்து வயதுக் குழந்தைக்குக் கதை காது வழியாகத்தான் போய்ச் சேருகிறது. எழுதியவர் அதை நினைத்து எழுதினாரா என்பது இரண்டு பக்கத்தில் புரிந்துவிடும்.

மூன்றாவது வாசிப்பு குழந்தைகளுக்கு முன்னால். விடுமுறை நாட்களில் வரும் பிள்ளைகளை உட்கார வைத்து வாசிப்பேன். அப்போது என் கவனமெல்லாம் அவர்கள் முகத்தில்தான் இருக்கும். எந்தப் பக்கத்தில் முன்னால் நகர்ந்து வருகிறார்கள், எந்த இடத்தில் பக்கத்துப் பையனைக் கிள்ளத் தொடங்குகிறார்கள் என்று குறித்துக்கொள்வேன். இந்த மூன்றாவது வாசிப்பு நடக்காத எந்தப் படக்கதையையும் நான் பரிந்துரைப்பதில்லை. எவ்வளவு பெரிய எழுத்தாளர் எழுதியதானாலும் சரி.

படக்கதைகளுக்குப் பெரும்பாலும் 32 பக்கம்தான். அச்சுத் தாளை மடிக்கும் கணக்கிலிருந்து வந்த அளவு அது. அவ்வளவு குறுகிய இடத்தில் எழுத்து சொன்னதையே படமும் சொன்னால் பாதி இடம் வீண். ‘பூனையைக் காணோம்’ என்று எழுத்து சொல்லட்டும். படத்தில் திரைச்சீலைக்குக் கீழே வால் தெரியட்டும். எழுத்துத் தெரியாத குழந்தைதான் அதை முதலில் கண்டுபிடித்துக் கத்தும். வாசிக்கத் தெரிந்த அண்ணனுக்கு முன்னால் அந்தத் தங்கைக்கு அன்று ஒரு வெற்றி!

எழுத்துருவையும் பார்ப்பேன். அலங்காரமான எழுத்துருக்கள் சிலவற்றில் எகரக் கொம்புக்கும் ஏகாரக் கொம்புக்கும் வித்தியாசமே தெரியாது. ரகரமும் துணைக்காலும் ஒன்றுபோல இருக்கும். பெரியவர்கள் பழக்கத்தில் கடந்துவிடுவோம். இப்போதுதான் எழுத்துக்கூட்டுகிற பிள்ளை அங்கே தடுக்கி விழுந்து, தனக்குப் படிக்க வரவில்லை என்று நினைத்துக்கொள்ளும். குற்றம் அச்சில் இருக்க, தண்டனை குழந்தைக்கு. இதை மதிப்புரையில் தவறாமல் எழுதுகிறேன்.

பெரிய பிள்ளைகளுக்கான நாவல்களை முழுவதும் வாய்விட்டு வாசிக்க முடியாது. வழக்கமாக வரும் இரண்டு மூன்று பேரிடம் கொடுத்து அனுப்புவேன். ‘பிடித்ததா?’ என்று கேட்டால் மரியாதைக்கு ‘நன்றாக இருந்தது’ என்பார்கள். ‘எந்த இடத்தில் மூடி வைத்தாய்?’ என்று கேட்டால் உண்மை வரும்.

அம்மாபேட்டையிலிருந்து ஒரு தாய்: அக்கா, என் மகளுக்கு நான்கு வயது. தினமும் ஒரே யானைக் கதையைத்தான் வாசிக்கச் சொல்கிறாள். வீட்டில் நாங்கள் பேசுவது சௌராஷ்டிரம், புத்தகமோ தமிழ். என்ன செய்வது?

அவள் கேட்கிற வரை அதையே வாசியுங்கள் அம்மா. அடுத்து என்ன வரும் என்று தெரிந்திருப்பதுதான் அவளுக்குச் சந்தோஷம். ஒரே கதையைத் திரும்பத் திரும்பக் கேட்கும் சிறு குழந்தைகள் அதிலுள்ள புதுச் சொற்களை நன்றாகப் பிடித்துக்கொள்கிறார்கள் என்பது ஆய்வுகளும் சொல்லும் செய்தி. தமிழில் வாசித்துவிட்டுப் படத்தைப் பற்றிய பேச்சைச் சௌராஷ்டிரத்திலேயே வைத்துக்கொள்ளுங்கள். தறியில் கிடந்துவிட்டு வந்து களைப்பாக இருக்கும் நாளில், புத்தகத்தை அவள் கையில் கொடுத்து அவளையே உங்களுக்குச் சொல்லச் சொல்லுங்கள். படத்தைப் பார்த்து முழுக் கதையையும் ஒப்பிப்பாள். அதுவும் வாசிப்புதான்.

ஃபேர்லேண்ட்ஸிலிருந்து ஒரு தந்தை: ஒன்பது வயது மகன் ஆங்கில வழியில் படிக்கிறான். தமிழை மெதுவாக எழுத்துக்கூட்டித்தான் வாசிக்கிறான். அவன் வயதுக்கான தமிழ் நூல் கொடுத்தால் திணறுகிறான். சின்னப் புத்தகம் கொடுத்தால் ‘பாப்பா புத்தகம்’ என்று தள்ளிவிடுகிறான்.

இந்தக் கேள்வி எனக்கு அதிகமாக வருகிறது. வாசிக்கும் திறனுக்கும் வயதுக்கும் இடையில் உள்ள இந்த இடைவெளிக்கென்றே எழுதப்படும் நூல்கள் தமிழில் இன்னும் போதாது. இருந்தாலும் வழி இருக்கிறது. பள்ளிக் கல்வித் துறை 2023இல் தொடங்கிய வாசிப்பு இயக்கத்தின் சிறு நூல்களை ‘நுழை, நட, ஓடு, பற’ என்று படிநிலையாகப் பிரித்திருக்கிறார்கள். வகுப்பைப் பார்க்காமல் வாசிப்பைப் பார்த்துப் பிரித்தது அதன் சிறப்பு. ‘நட’விலிருந்து தொடங்குங்கள். பிரதம் புக்ஸ் நிறுவனம் 2015 முதல் ஸ்டோரிவீவர் இணையதளத்தில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கதைகளை இலவசமாகத் தருகிறது. அங்கும் படிநிலை உண்டு.

கதை தவிர, விண்வெளி, பாம்பு, ரயில் என்று அவனுக்குப் பைத்தியமான விஷயம் ஒன்று இருக்குமே, அதைப் பற்றிய தமிழ் நூலைக் கொடுத்துப் பாருங்கள். தெரிந்த விஷயத்தைத் தெரியாத எழுத்தில் வாசிப்பது எளிது. ஒரு பக்கம் நீங்கள், ஒரு பக்கம் அவன் என்று வாசியுங்கள். விருந்தினர் வரும்போது ‘தமிழ் வாசித்துக் காட்டு’ என்று மட்டும் நிறுத்தி வைக்காதீர்கள்.

ஏற்காட்டிலிருந்து ஓர் ஆசிரியர்: என் வகுப்பில் பெரும்பாலும் ‘மலையாளி’ என்ற இந்த மலைப் பழங்குடியினரின் பிள்ளைகள். எங்களுக்கு வரும் புத்தகங்களில் எல்லாம் நகரத்துக் குழந்தைகள், மால், லிஃப்ட், பிறந்தநாள் கேக். இந்தப் பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது, நூலகர் அம்மா?

ருடீன் சிம்ஸ் பிஷப் என்ற அமெரிக்கப் பேராசிரியர் 1990இல் எழுதிய கட்டுரையில், குழந்தைக்குப் புத்தகம் பிறர் வாழ்வைக் காட்டும் சன்னலாகவும் தன்னையே காட்டும் கண்ணாடியாகவும் இருக்க வேண்டும் என்றார். கறுப்பினக் குழந்தைகளுக்குக் கண்ணாடி கிடைக்காத வருத்தத்தில் எழுதியது. உங்கள் பிள்ளைகள் நிலையும் அதுதான். அவர்களுக்குச் சன்னல்கள் நிறையக் கிடைக்கின்றன, கண்ணாடிதான் இல்லை.

மலை வருகிற புத்தகங்களிலும் மலை பெரும்பாலும் சுற்றுலா வந்த குடும்பத்தின் கண்ணில்தான் தெரிகிறது. படகு விடுவார்கள், பனிமூட்டத்தில் படம் எடுப்பார்கள், கீழே இறங்கிவிடுவார்கள். அங்கேயே பிறந்த பிள்ளை கதையில் வழிகாட்டியாக வந்து இரண்டு பக்கத்தில் காணாமல் போகும். அப்படிப்பட்ட ஒரு நூல் மதிப்புரைக்கு வந்தால், ‘மலைப் பிள்ளைக்குப் பெயராவது இருக்கிறதா? அவன் எதையாவது தானாக முடிவு செய்கிறானா?’ என்ற இரண்டு கேள்விகளை முதலில் கேட்பேன். படத்தையும் அவர்களிடமே காட்டிக் கேட்பேன். காப்பிப் பழத்தை உச்சிக்கிளையில் மாம்பழம்போல வரைந்திருந்தால் உங்கள் மூன்றாம் வகுப்புக் குழந்தைகளே சிரித்துவிடுவார்கள். காப்பிக்காய் கிளையை ஒட்டிக் கொத்தாகக் காய்ப்பதையும், மிளகுக்கொடி சில்வர் ஓக் மரத்தைப் பற்றி ஏறுவதையும் தினம் பார்க்கிறவர்கள் அவர்கள். ஓவியர் அங்கே போய்ப் பார்த்தாரா என்பதற்கு அவர்களைவிட நல்ல மதிப்புரையாளர் கிடையாது.

உடனடியாகச் செய்யக்கூடியது ஒன்று. பிள்ளைகளின் பாட்டிமார்களை வகுப்புக்கு அழைத்துச் சேர்வராயன் கோயில் திருவிழாவைப் பற்றியும், காட்டெருமை தோட்டத்துக்குள் வந்த இரவைப் பற்றியும் சொல்லச் சொல்லுங்கள். பிள்ளைகள் எழுதி வரையட்டும். அவர்கள் பேசுகிற வழக்கிலேயே எழுதட்டும், திருத்த வேண்டாம். தைத்து அட்டை போட்டு, மற்ற புத்தகங்களோடு அதே அலமாரியில், அதே பதிவேட்டில் எண் கொடுத்து வையுங்கள். அந்த எண் முக்கியம். அதைப் பார்க்கும் பிள்ளைக்குத் தன் ஊரும் புத்தகத்துக்குரியது என்று தெரியும்.

இன்னொன்று, ஏற்காட்டு ஈரத்துக்கு, நடுவில் ஸ்டேப்பிள் பின் அடித்த புத்தகங்கள் தாங்காது. பின் துருப்பிடித்து நடுப்பக்கம் கழன்று வந்துவிடும். வந்த உடனேயே பின்னை எடுத்துவிட்டு நூலால் தைத்துவிடுங்கள். அலமாரியைச் சுவரை ஒட்டி வைக்காதீர்கள். மழை விட்ட நாட்களில் புத்தகங்களை விரித்து நிழலில் காற்றாட வையுங்கள்.

ஓர் எழுத்தாளர்: என் சிறார் நாவலின் கடைசி அத்தியாயம் பாடமாகிவிட்டது என்று மதிப்புரையில் எழுதியிருந்தீர்கள். தமிழில் குழந்தைகளுக்கு எழுதுவோரே குறைவு. ஊக்கப்படுத்த வேண்டாமா?

உங்கள் வருத்தம் புரிகிறது, ஐயா. முதல் எட்டு அத்தியாயங்களைப் பிள்ளைகள் எப்படி வாசித்தார்கள் என்பதையும் அதே மதிப்புரையில் மகிழ்ச்சியோடு எழுதியிருந்தேன். ஆனால் என் மதிப்புரையை நம்பித்தான் ஒரு கிராமத்துப் பள்ளி தன்னிடமுள்ள கொஞ்சம் பணத்தில் புத்தகம் வாங்குகிறது. அந்தப் பிள்ளைகளுக்குத்தான் நான் முதலில் கடமைப்பட்டவள். ஊக்கத்துக்காகப் புகழ்ந்தால் அடுத்த முறை உண்மையிலேயே நல்ல நூல் வரும்போது என் சொல்லை யார் நம்புவார்கள்?

திருடிய பென்சிலை உங்கள் கதாநாயகன் திருப்பிக் கொடுக்கப் போகும் இடத்தில், வாசித்த பிள்ளைகள் அவனோடுதான் போய்க்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் தலைமையாசிரியர் வந்து நேர்மையைப் பற்றி இரண்டு பக்கம் பேசுகிறார். பையன் ஏற்கெனவே உணர்ந்துவிட்டான், வாசகரும் உணர்ந்துவிட்டார்கள். அந்தப் பேச்சு யாருக்கு? அடுத்த பதிப்பில் அந்த இரண்டு பக்கத்தை எடுத்துவிட்டு அனுப்புங்கள். மீண்டும் வாசித்து மீண்டும் எழுதுகிறேன்.

ஓமலூரிலிருந்து ஒரு மாணவன்: நான் காமிக்ஸ் மட்டும்தான் படிக்கிறேன். அப்பா திட்டுகிறார். அதுவும் வாசிப்பில் சேருமா அக்கா?

சேரும் தம்பி. எந்தக் கட்டத்துக்குப் பிறகு எது, இடைவெளியில் என்ன நடந்திருக்கும் என்று உன் மூளை வேலை செய்துகொண்டேதான் இருக்கிறது. அப்பாவை ஒருமுறை நூலகத்துக்கு அழைத்து வா; நான் பேசுகிறேன்.

ஆத்தூரிலிருந்து ஒரு தாய்: தவறான தொடுதல் பற்றி எட்டு வயது மகளிடம் பேச வேண்டும். வாய் வரவில்லை. புத்தகம் உதவுமா? இதையெல்லாம் கதையாகக் கொடுத்தால் பயந்துவிட மாட்டாளா?

உதவும். யெஸ். பாலபாரதி எழுதிய ‘மரப்பாச்சி சொன்ன ரகசியம்’ இந்த விஷயத்தைச் சிறுமி ஒருத்தியும் பேசும் மரப்பாச்சிப் பொம்மையும் வழியாகச் சொல்கிறது. சிறார் இலக்கியத்துக்குச் சாகித்திய அகாடமி தரும் பால சாகித்ய புரஸ்கார் விருதை 2020ஆம் ஆண்டுக்குப் பெற்ற நூல். முதலில் நீங்கள் மட்டும் முழுவதும் வாசியுங்கள். பிறகு அவளோடு சேர்ந்து வாசியுங்கள். தனியாகக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். அவள் கேள்வி கேட்கும் இடத்தில் நிறுத்துங்கள். கேட்காத இடத்தில் நீங்களாக விளக்க வேண்டாம்.

பயத்தைப் பற்றி ஒரு வார்த்தை. சாவு, பிரிவு, வறுமை வருகிற கதைகளைப் பல பெற்றோர் திருப்பிக் கொடுத்துவிடுகிறார்கள். நோயில் தாத்தா போனதை நேரில் பார்த்த பிள்ளைக்கு அந்தத் துக்கத்தைப் பற்றிய கதை ஆறுதல்தான் தருகிறது. மோசமான முடிவைவிடப் பொய்யான முடிவுதான் பிள்ளைகளைக் கோபப்படுத்துகிறது என்பதைப் பல கதை நேரங்களில் பார்த்திருக்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டையிலிருந்து ஒரு தாத்தா: நான் அம்புலிமாமா வாசித்து வளர்ந்தவன். கட்டிவைத்த பழைய இதழ்கள் இருக்கின்றன. பேரனுக்குக் கொடுக்கலாமா? அல்லது காலம் மாறிவிட்டதா?

கொடுங்கள் ஐயா, தாராளமாகக் கொடுங்கள். 1947இல் தொடங்கிய அந்த இதழ் பல தலைமுறைகளுக்குக் கதை ருசி காட்டியது. ஆனால் அன்றைய கதைகளில் நிறத்தையோ உடல் குறையையோ வைத்துச் சிரிக்கும் இடம் வந்தால் தாண்டிப் போகாமல் நிறுத்திப் பேரனிடம் பேசுங்கள். கூடவே இன்றைய நூல் ஒன்றையும் அவன் கையில் வையுங்கள். கீழடி அகழாய்வைப் பின்னணியாகக் கொண்ட உதயசங்கரின் ‘ஆதனின் பொம்மை’ நீங்கள் இருவரும் சேர்ந்தே வாசிக்கலாம்.

நூலக அறிவியல் படிக்கும் மாணவி: விருது பெற்ற நூல்களை அப்படியே பரிந்துரைக்கலாமா? மதிப்புரை எழுதத் தொடங்குபவர் எதைக் கவனிக்க வேண்டும்?

அமெரிக்காவின் நியூபெரி விருதை 1922 முதல் குழந்தைகள் பகுதி நூலகர்களின் அமைப்பே தேர்ந்தெடுத்துக் கொடுக்கிறது. இங்கிலாந்தின் கார்னகி பதக்கமும் 1936ஆம் ஆண்டு நூல்கள் தொடங்கி நூலகர்கள் தேர்வுதான். நம் பால சாகித்ய புரஸ்கார் 2010இல் தொடங்கியது. தமிழிலும் நூலகர்களே சேர்ந்து தேர்ந்தெடுக்கும் விருது ஒன்று வர வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. விருது ஒரு நூலைக் கவனிக்கச் சொல்கிறது, அவ்வளவுதான். உங்கள் ஊர்ப் பிள்ளைக்கு அது பொருந்துமா என்பதை நீங்கள்தான் வாசித்துச் சொல்ல வேண்டும்.

மதிப்புரையில் கதைச் சுருக்கத்தை நான்கு வரிக்குள் முடியுங்கள். முடிவைச் சொல்லிவிடாதீர்கள். ‘அனைவரும் வாசிக்க வேண்டிய நூல்’ என்ற வரியை எழுதவே எழுதாதீர்கள். அது எந்த ஆசிரியருக்கும் உதவாது. சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் வெளியிட்ட நூலகவியலின் ஐந்து விதிகளில் இரண்டாவது, ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்குரிய நூல் என்பது. மூன்றாவது, ஒவ்வொரு நூலுக்கும் அதற்குரிய வாசகர். ஆகவே ‘நாய்க்குட்டி கேட்டு அடம்பிடிக்கும் பிள்ளைக்கு’, ‘புதிய பள்ளியில் சேர்ந்து நண்பர் கிடைக்காமல் இருப்பவளுக்கு’ என்று எழுதுங்கள். ‘6 முதல் 10 வயது வரை’ என்று மட்டும் எழுதினால் அது சட்டை அளவு சொல்வதுபோல ஆகிவிடும்.

கிச்சிப்பாளையத்திலிருந்து ஒரு தாய்: நல்ல படக்கதைகள் விலை அதிகம். மாதம் ஒன்றுகூட வாங்க முடியவில்லை.

வாங்கவே வேண்டாம் அம்மா. 1948ஆம் ஆண்டின் பொது நூலகச் சட்டத்தின்படி சொத்து வரியோடு சேர்த்து நூலக வரியும் வசூலிக்கப்படுகிறது. நூலகத்திலுள்ள புத்தகங்கள் உங்கள் பணத்தில் வாங்கியவை. குழந்தையின் பெயரிலேயே உறுப்பினர் அட்டை வாங்குங்கள். அருகிலுள்ள கிளை நூலகத்திலேயே படிவம் கிடைக்கும். வேண்டிய புத்தகம் அங்கே இல்லையென்றால் பெயரையும் பதிப்பகத்தையும் ஒரு தாளில் எழுதி நூலகரிடம் கொடுங்கள். வாசகர் எழுதிக் கேட்டது என்று காட்ட முடிந்தால் கொள்முதலுக்குப் பரிந்துரைக்க எங்களுக்கு வலுவாக இருக்கும். முதல் நாள் அலமாரியிலிருந்து எடுப்பதை மட்டும் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.