அக்கா ஏன் பேசவில்லை?

கேள்வி: என் அக்கா மகனுக்கு 9 வயது. ஆட்டிசம் இருக்கிறது, பேச்சு இன்னும் சரியாக வரவில்லை. அக்கா எந்நேரமும் அவனை நினைத்தே அழுகிறாள். இலங்கையின் தலைமன்னாரிலிருந்து நம் தனுஷ்கோடிக்கு நீந்தி வந்த ஜியா ராய் என்ற பெண்ணின் வீடியோவைப் பார்த்து எனக்கு உடம்பே சிலிர்த்துவிட்டது. அக்காவிடம் காட்டி, "இந்தப் பிள்ளைக்கும் ஆட்டிசம்தான். கடலையே தாண்டிவிட்டாள். அழுவதை விட்டுவிட்டு இவனையும் தயார் பண்ணு" என்றேன். அன்றிலிருந்து அக்கா என்னோடு முகம் கொடுத்துப் பேசுவதில்லை. நல்லதைத்தானே சொன்னேன்?
– ஒரு வாசகர், தங்கச்சிமடம்

பதில்: நல்ல எண்ணத்தில்தான் சொன்னீர்கள். அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் உங்கள் கடிதத்தைத் திரும்பத் திரும்பப் படித்தேன். ஜியா ராயின் பெயர் இருக்கிறது. அக்காவின் அழுகை இருக்கிறது. உங்களுக்குச் சிலிர்த்தது இருக்கிறது. அந்தப் பையனைப் பற்றி வயது, ஆட்டிசம், பேச்சு வரவில்லை, இவ்வளவுதான். அவனுக்கு எது பிடிக்கும், எதைக் கண்டால் சிரிப்பான், தண்ணீரைப் பார்த்தால் கிட்டே போவானா, மிரண்டு ஒதுங்குவானா, ஒரு வரி இல்லை. நீங்கள் தாய்மாமன். உங்கள் மடியில் உட்கார வைத்துத்தான் அவனுக்குக் காது குத்தியிருப்பார்கள். அக்காவின் கோபம் இங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன்.

ஜியா செய்தது சாதாரணக் காரியம் இல்லை. 2022 மார்ச் 20. அப்போது அவளுக்கு 13 வயது. இருட்டோடு தலைமன்னாரில் இறங்கி, சுமார் 29 கிலோமீட்டர் நீந்தி, 13 மணி 10 நிமிடத்தில் தனுஷ்கோடி அரிச்சல்முனையில் கரையேறினாள். 2004-ல் புலா சௌத்ரி இந்தப் பாக் நீரிணையைக் கடக்க எடுத்துக்கொண்டது 13 மணி 52 நிமிடம். அவர் நாடறிந்த நீச்சல் வீராங்கனை. அப்புறம் 2024 ஜூலையில் ஜியா இங்கிலீஷ் கால்வாயையும் கடந்துவிட்டாள். இந்தக் கடலின் நீவாடும் (நீரோட்டம்) சொறியும் (ஜெல்லி மீன்) நம் ஊர்க்காரர்களுக்குத் தெரியும். 13 மணி நேரம் அதில் கிடப்பது என்றால் என்ன என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் அந்த வீடியோவில் நீங்கள் பார்த்தது கை வீசி நீந்தும் பெண்ணை. உங்கள் அக்கா பார்த்தது பக்கத்திலேயே வந்த படகை. இப்படிக் கடலைக் கடப்பவர்கள் யாரும் தனியாக வருவதில்லை. வழி காட்டவும் சாப்பாடு கொடுக்கவும் ஆபத்து என்றால் தூக்கவும் படகில் ஆள் இருக்க வேண்டும். இரண்டு நாட்டு அனுமதியும் வேண்டும். ஜியாவின் அப்பா அப்போது கடற்படையில் இருந்தவர். மகளுக்கு ஒரு சிகிச்சையாகத்தான் தண்ணீர் அறிமுகமானது. அது அவளுக்குப் பிடித்துப்போனது. பிடித்ததை வீடே சேர்ந்து பிடித்துக்கொண்டது. அந்த 13 மணி நேரத்துக்குப் பின்னால் எத்தனை வருஷத்து விடியற்காலைகள் இருக்கும்! நீங்கள் அக்காவிடம் "இவனைத் தயார் பண்ணு" என்றீர்கள். "நான் கூட வருகிறேன்" என்று சொல்லவில்லை. படகில் ஆளே இல்லாத ஒருத்தியிடம் போய்க் கடலைத் தாண்டு என்றால் அவள் என்ன பதில் சொல்வாள்?

இன்னொன்று. இப்படிப்பட்ட செய்திகள் வரும்போதெல்லாம் "ஆட்டிசத்தை வென்றாள்" என்று தலைப்புப் போடுகிறார்கள். பத்திரிகைக்காரன் என்ற முறையில் எனக்கு அதில் வருத்தம் உண்டு. அவள் எதையும் வெல்லவில்லை. ஆட்டிசம் உள்ளவளாகத்தான் தண்ணீரில் இறங்கினாள், அப்படியேதான் கரையேறினாள். கடலைக் கடந்தால்தான் இந்தப் பிள்ளைகளுக்கு மதிப்பு என்று ஆகிவிட்டால், கடக்காத பிள்ளையின் அம்மா எங்கே போய் நிற்பாள்?

அமெரிக்காவில் 2006 பிப்ரவரியில் நடந்ததைச் சொல்கிறேன். நியூயார்க் மாநிலத்தில் ரோசெஸ்டர் பக்கத்துப் பள்ளி ஒன்றில் ஜேசன் மெக்எல்வைன் என்ற 17 வயதுப் பையன், ஆட்டிசம் உள்ளவன், கூடைப்பந்து அணிக்கு மேலாளராக இருந்தான். சட்டையும் டையும் போட்டுக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்து அணிக்கு எடுபிடி வேலை பார்ப்பான். கடைசி ஆட்டத்தில் பயிற்சியாளர் அவனுக்குச் சீருடை கொடுத்து, ஆட்டம் முடிய 4 நிமிடம் இருக்கும்போது உள்ளே அனுப்பினார். முதல் இரண்டு எறிகள் தவறின. அதற்குப் பிறகு மூன்று புள்ளி தரும் கூடைகள் ஆறு, இரண்டு புள்ளிக் கூடை ஒன்று, மொத்தம் 20 புள்ளிகள். உலகமே அந்த வீடியோவைப் பார்த்து "எதிர்பாராத அதிசயம்" என்றது. எனக்கு அந்த "எதிர்பாராத" என்ற சொல்தான் உறுத்துகிறது. எதிர்பார்க்காதது யார்? அந்தக் கை ஒரே ராத்திரியில் பழகியதா? பல வருஷமாகப் பந்து எறிந்துகொண்டிருந்த பையன் அவன். அந்தப் பயிற்சியாளர் கதவைத் திறந்தார், அவரை வணங்குகிறேன். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அந்த 4 நிமிடம்கூடக் கிடைப்பதில்லை. இதே ஜேசன் பிற்பாடு ஓட்டக்காரராகி, 2014 பாஸ்டன் மாரத்தானை 3 மணி நேரத்துக்குள் ஓடி முடித்தார். அந்த வீடியோவை யாரும் இவ்வளவு பரப்பவில்லை. அதற்குள் நமக்கு ஆச்சரியம் தீர்ந்துவிட்டது.

இனி உங்கள் ஊருக்கு வருவோம். சில வருஷங்களுக்கு முன் பாம்பன் பக்கம் ஒரு வீட்டுக்குப் போயிருந்தேன். வாசல் கதவின் உச்சியில், பெரியவர்களுக்கே எட்டாத உயரத்தில், ஒரு தாழ்ப்பாள். "கடலைக் கண்டா நிக்க மாட்டான், ஓடிருவான்" என்றார் அந்த அம்மா. ஆட்டிசம் உள்ள பல பிள்ளைகளுக்குத் தண்ணீர் மேல் பெரிய ஈர்ப்பு இருக்கும். யாருக்கும் தெரியாமல் வீட்டைவிட்டு நடந்துவிடும் பழக்கமும் பலருக்கு உண்டு. இரண்டும் சேர்ந்து, தண்ணீரில் மூழ்கி இறக்கும் அபாயம் மற்ற பிள்ளைகளைவிட இவர்களுக்குப் பல மடங்கு அதிகம். வீட்டுக்குப் பின்னாலேயே கடல் இருக்கும் ஊரில் உங்கள் அக்கா இந்தப் பயத்தோடுதான் சமைக்கிறாள், குளிக்கிறாள், தூங்குகிறாள். அவளிடம் கடலில் நீந்தும் பிள்ளையின் வீடியோவைக் காட்டினால் முதலில் வருவது உத்வேகமா, நடுக்கமா?

அதனால் அவன் நீச்சல் கற்கட்டும். சாதனைக்காக வேண்டாம், உயிருக்காக. அதை நீங்கள் செய்யுங்கள். அரிச்சல்முனைப் பக்கம் போகவே வேண்டாம். காற்றுக்காலம் பார்த்து அமைதியாகக் கிடக்கும் பக்கம், முழங்கால் தண்ணீர், தினமும் ஒரே நேரம், ஒரே இடம், ஒரே ஆள். நன்றாக நீந்தத் தெரிந்த இன்னொருவரும் கூட இருக்கட்டும். காலில் மணல் ஒட்டுவதே சில பிள்ளைகளுக்குத் தாங்காது. ஈரத்துணி உடம்பில் படுவது, காற்றின் இரைச்சல் எல்லாமே தொந்தரவாக இருக்கும். அப்படியானால் செருப்போடு நிற்கட்டும். ஒரு மாதம் கரையிலேயே நின்றாலும் நிற்கட்டும். இழுக்காதீர்கள். அவனுக்குத் தண்ணீரே பிடிக்கவில்லை என்றால் அவசரப்படாமல் விட்டுவிட்டு, என்ன பிடிக்கிறது என்று பாருங்கள்.

பள்ளிக்கூட விஷயத்தையும் கேளுங்கள். 2016-ம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்க்கப்பட்டிருக்கிறது. 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு என்று சான்று இருந்தால் 6 வயதிலிருந்து 18 வரை இலவசக் கல்வி அவன் உரிமை. அடையாள அட்டை இருக்கிறதா, வட்டார வள மையத்துச் சிறப்பாசிரியரைப் பார்த்தாகிவிட்டதா என்று அக்காவிடம் கேளுங்கள். பஸ் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு அவள் எத்தனை தடவை ராமநாதபுரம் போய் வந்தாள் என்பதும் அப்போது தெரியவரும். அடுத்த தடவை நீங்கள் கூடப் போங்கள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போங்கள். போனை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். மன்னிப்புக் கேட்டு நீளமாகப் பேச வேண்டாம். சாயங்காலம் 4 மணியிலிருந்து 6 மணி வரை பையன் பக்கத்தில் உட்காருங்கள். அவன் எதைக் கையில் எடுக்கிறானோ அதை நீங்களும் எடுங்கள். அந்த 2 மணி நேரம் அக்கா படுத்துத் தூங்கட்டும். அடுத்த ஞாயிறும் போங்கள். பிறகு எனக்கு எழுதுங்கள், அவனைப் பற்றி.