கச்சான் வேரில் முடிச்சு இருக்கிறது, சோயாவில் ஏன் இல்லை?

கேள்வி: ஐயா, கும்புறுபிட்டியில் எனக்கு 2 ஏக்கர் மணல் காணி. வழக்கமாகக் கச்சானும் (நிலக்கடலை) கௌபியும்தான் போடுவேன். இந்த மாரிக்கு அரை ஏக்கரில் முதல்முறையாகச் சோயா விதைத்தேன். 40 நாளாகிறது, செடி வெளிறி மஞ்சளாக நிற்கிறது. பக்கத்துப் பாத்தியில் கச்சான் நல்ல பச்சை. கிண்டிப் பார்த்தால் கச்சான் வேரில் முடிச்சு நிறைய, சோயாவில் செடிக்கு இரண்டோ மூன்றோ, நசுக்கினால் உள்ளே வெள்ளை. இரண்டும் அவரைக் குடும்பம்தானே, கச்சான் விளைந்த மண்ணில் சோயாவுக்கு யூரியா தேவைப்படாது என்று நம்பித்தான் விதைத்தேன். வேலியோரத் தொட்டாச்சிணுங்கி வேரில்கூட முடிச்சு இருக்கிறது. அதை இடித்துச் சோயா அடியில் போட்டால் பலன் வருமா?

பதில்: வேரைக் கிண்டி, முடிச்சை நசுக்கி நிறம் பார்த்துவிட்டு எழுதியிருக்கிறீர்கள் தம்பி. அதனால் என் வேலை பாதி குறைந்துவிட்டது. பலர் செடியைப் பிடுங்கிப் பார்த்துவிட்டு முடிச்சு இல்லை என்பார்கள். பிடுங்கும்போது முடிச்செல்லாம் கழன்று மண்ணுக்குள்ளேயே நின்றுவிடும்.

உங்கள் நம்பிக்கை பிழையான இடம் ஒன்றுதான். வேர்முடிச்சுக்குள் இருந்து காற்றின் நைதரசனைப் பிடித்துச் செடிக்கு உரமாகக் கொடுப்பது ஒரே ஒரு பற்றீரியா என்று நினைத்துவிட்டீர்கள். உண்மையில் அது பெரிய கூட்டம். 1888இல் பெய்ஜெரிங்க் என்ற ஒல்லாந்து அறிஞர் முதன்முதலாக முடிச்சிலிருந்து இந்தப் பற்றீரியாவைப் பிரித்து வளர்த்தார். அதன்பின் நெடுங்காலம் எல்லாவற்றையும் றைசோபியம் என்ற ஒரே பெயரில்தான் அழைத்தார்கள். 1982இல் மெதுவாக வளரும் வகைகளைப் பிராடிறைசோபியம் என்று தனியாக்கினார்கள். கச்சான், கௌபி, பயறு, சோயா எல்லாம் பெரும்பாலும் இந்த மெதுவான கூட்டத்தோடுதான் சேரும். கடலைப் பருப்புக்கு மீசோறைசோபியம் என்று வேறொரு இனம் இருக்கிறது.

சரி, கச்சானும் சோயாவும் ஒரே பிராடிறைசோபியம் என்றால் ஏன் சோயா பட்டினி கிடக்கிறது? அந்தப் பெயருக்குள்ளும் பல இனங்கள் உண்டு. கச்சானும் கௌபியும் ஆள் பார்ப்பதில்லை. நம் வெப்பமான மண்ணில் இயல்பாக இருக்கும் பல இனங்களை அவை ஏற்றுக்கொள்ளும். சோயா அப்படியல்ல. அதன் வேர் கசியவிடும் பொருளுக்கு, தனக்கேற்ற பதிலைத் திருப்பி அனுப்புகிற ஒரு சில இனங்களைத்தான் உள்ளே விடும். பிராடிறைசோபியம் ஜப்பானிக்கம், டையசோஎஃபிசியன்ஸ், எல்கானி என்பவை அவற்றில் முக்கியமானவை. சோயா சீனப் பக்கத்துப் பயிர், அதன் கூட்டாளிகளும் அந்த மண்ணுக்கு உரியவை. சோயாவே கண்டிராத உங்கள் காணியில் அவை போதிய அளவு இல்லை. நைஜீரியாவின் இபாதானிலுள்ள பன்னாட்டு ஆய்வு நிலையம் இதே சிக்கலைக் கண்டுதான், ஆபிரிக்க மண்ணின் உள்ளூர்ப் பற்றீரியாவோடும் சேரக்கூடிய சோயா இனங்களை உருவாக்கியது.

உள்ளே நுழையும் வழியும் பயிருக்குப் பயிர் வேறு. சோயாவில் பற்றீரியா வேர்த்தூவியைச் சுருளச் செய்து அதன் வழியாகப் போகும். கச்சானில் பக்கவேர் வெடித்து வெளிவரும் பிளவு வழியாகப் போகும். நம்பாவிட்டால் உங்கள் கச்சான் வேரை வாளித் தண்ணீரில் அலசிப் பாருங்கள், முடிச்சுகள் பக்கவேர் கிளைக்கும் கவட்டில்தான் இருக்கும். எத்தனை வருடம் பார்த்தாலும் எனக்கு இது சலிப்பதில்லை.

தொட்டாச்சிணுங்கி விஷயத்துக்கு வருவோம். 2001இல்தான் விஞ்ஞானிகளுக்கே ஒரு பெரிய ஆச்சரியம் கிடைத்தது. அதுவரை தெரிந்த றைசோபியக் குடும்பத்துக்குச் சொந்தமே இல்லாத வேறொரு பற்றீரியாப் பிரிவும் முடிச்சு உண்டாக்கும் என்று அந்த ஆண்டு தெரிந்தது. தொட்டாச்சிணுங்கி முடிச்சுகளில் அடிக்கடி காணப்படுவது இந்தப் பிரிவுதான். சோயா அதைச் சேர்க்காது. ஆகவே இடித்துப் போட்டுப் பயனில்லை, கையில் முள்ளுக் குத்துவதுதான் மிச்சம்.

அடுத்தது அந்த வெள்ளை நிறம். வேலை செய்யும் முடிச்சை வெட்டினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். நம் இரத்தத்தில் இருப்பதற்கு உறவான ஒரு பொருள் அங்கே ஒட்சிசனை அளந்து கொடுக்கிறது. ஒட்சிசன் மிஞ்சினால் நைதரசனைப் பிடிக்கும் நொதியம் கெட்டுவிடும். விதைத்து மூன்று வாரம் ஆகும்வரை வெள்ளையாக இருப்பது இயல்பு. 40 நாளிலும் வெள்ளை என்றால், உள்ளே இருப்பது செடியின் சீனியைத் தின்றுவிட்டு ஒன்றும் தராத வகை. பச்சை என்றால் கிழடாகிவிட்டது. மணல் நிலத்தில் இன்னொன்றையும் கவனியுங்கள். நெமற்றோடு என்கிற வட்டப்புழுவும் வேரை வீங்க வைக்கும். நல்ல முடிச்சு வேரின் பக்கத்தில் ஒட்டியிருக்கும், விரலால் தட்டினால் கழரும். புழு வீக்கம் என்றால் வேரே தடித்திருக்கும், கழராது.

மஞ்சள் எங்கே தொடங்கியது என்றும் பாருங்கள். அடியிலைகளில் என்றால் நைதரசன் பஞ்சம்தான். குருத்திலையில் தொடங்கியிருந்தால் இரும்பு அல்லது கந்தகக் குறையாக இருக்கலாம், அப்போது கீழே சொல்வதைச் செய்யாமல் விவசாயப் போதனாசிரியரிடம் இலையோடு போங்கள்.

இந்தப் பயிரை இனி யூரியாதான் காப்பாற்றும். அதைச் சொல்வதில் எனக்கு மகிழ்ச்சியில்லை, அது விற்கும் விலையும் தெரியும். ஆனால் பூக்கும் முன் போடாமல் விட்டால் காய் சரியாகப் பிடிக்காது. ஏக்கருக்கு 20 முதல் 25 கிலோ கணக்கில், உங்கள் அரை ஏக்கருக்கு 10 முதல் 12 கிலோ இப்போதும், பத்து நாள் கழித்து அதே அளவும் போடுங்கள். ஒரேயடியாகப் போட்டால் அடுத்த மழை மணலுக்குள் இறக்கிவிடும். களை எடுத்தபின், மழை ஓய்ந்த நாளில், ஈரத்தில் போடுங்கள். கச்சான் பக்கம் ஒரு பிடிகூட வேண்டாம். மண்ணில் நைதரசன் கூடினால் செடி முடிச்சு வைப்பதையே குறைத்துக்கொள்ளும்.

அடுத்த முறை சோயா விதைக்கும்போது சோயாவுக்கென்றே தயாரித்த றைசோபியக் கலவையை விதையில் பூசுங்கள். கண்டியிலுள்ள தேசிய அடிப்படைக் கற்கைகள் நிறுவகம் சோயாவுக்கான கலவையில் வேலை செய்திருக்கிறது. எங்கே கிடைக்கும் என்று போதனாசிரியரிடம் விசாரியுங்கள். பைக்கட்டில் சோயா என்ற பெயரும் காலாவதித் திகதியும் பார்க்காமல் வாங்க வேண்டாம். ஒருமுறை ஒரு கடையில் வெயில் படும் தட்டில் அடுக்கி வைத்திருந்த பைக்கட்டை வாங்கி நானே ஏமாந்திருக்கிறேன். உள்ளே இருப்பது உயிர், சுட்டால் செத்துவிடும். விதையை ஆறிய கஞ்சித் தண்ணீரில் லேசாக ஈரமாக்கி, நிழலில் வைத்துக் கலவையைப் பிரட்டி, அன்றைக்கே ஈர மண்ணில் விதைத்து மூடுங்கள். பூஞ்சண மருந்து போட்ட விதையோடு சேர்க்காதீர்கள்.

ஒருமுறை நன்றாகப் பிடித்துவிட்டால் சோயாப் பற்றீரியா சில வருடம் மண்ணில் தங்கும். ஆனால் கச்சான் காற்று என்கிற வரண்ட தென்மேல் காற்று அடிக்கும் மாதங்களில் உங்கள் பக்கத்து மணல் கால் வைக்க முடியாமல் கொதிக்குமே, அதில் நிறையச் செத்துப்போகும். ஆகவே ஒவ்வொரு விதைப்புக்கும் பூசுவதே நல்லது. அறுவடைக்குப்பின் சருகை எரிக்காமல் நிலத்திலேயே பரப்பி, எருவும் சேர்த்தால் மேல்மண் அவ்வளவு சுடாது.

அந்த விதைப்பில் ஒரு வரிசையை மட்டும் கலவை பூசாமல் விடுங்கள். பூக்கும் நேரம் இரு பக்கத்திலும் ஐந்தைந்து செடி கிண்டி, முடிச்சை நகத்தால் கீறிப் பார்த்து, கண்ட நிறத்தை எனக்கு எழுதுங்கள்.