எல்லை தாண்டி வராது என்று நம்பாதீர்கள்

கேள்வி: கொழிஞ்சாம்பாறையில் இருக்கிறேன். இளநீர் லோடு ஓட்டுவதற்காகப் பொள்ளாச்சியில் ஃபைனான்ஸ் போட்டு லாரி எடுத்தேன். ஐந்து டியூ நின்றுவிட்டது. ராத்திரியில் கோபாலபுரம் பக்கம் லோடோடு வண்டியைப் பிடித்துக்கொண்டு போய் விற்றுவிட்டார்கள். பிறகு சென்னையிலிருந்து ஆர்பிட்ரேட்டர் (கோர்ட்டுக்கு வெளியே தகராறைத் தீர்க்கும் நடுவர்) நோட்டீஸ் வந்தது, வாங்காமல் திருப்பிவிட்டேன். ஏப்ரல் 13-ல் வந்த கவரைக் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். 6,80,000 ரூபாய் கட்டணும் என்று அவார்டு, அதாவது நடுவர் தீர்ப்பு. கேரளாக்காரனைச் சென்னை எப்படிக் கேட்கும்? இங்கே பாலக்காடு மாவட்டச் சித்தூர் கோர்ட்டில் கேஸ் போடலாமா?

பதில்: ஆள் வைத்து வண்டியைப் பிடிக்கக்கூடாது என்று உச்ச நீதிமன்றம் 2007-லேயே கண்டித்திருக்கிறது. உங்கள் கோபம் நியாயம்தான். ஆனால் இப்போது அதைப் பேசி நேரத்தைத் தொலைக்காதீர்கள். நீங்கள் எழுதியதில் எனக்கு வேண்டியது ஏப்ரல் 13 என்ற தேதி ஒன்றுதான்.

ஆர்பிட்ரேஷனை ஊர்ப் பஞ்சாயத்து மாதிரி நினைத்துவிட்டீர்கள். போகாவிட்டால் பஞ்சாயத்து கலைந்துவிடும், இது கலையாது. நோட்டீஸைத் திருப்பினால் எக்ஸ்பார்ட்டியாக, அதாவது நீங்கள் இல்லாமலே நடத்தி முடிப்பார்கள். அந்த அவார்டுக்கு சிவில் கோர்ட் தீர்ப்பாணையின் (டிகிரி) பலம் உண்டு. அதை ரத்து செய்ய, கையில் கிடைத்த நாளிலிருந்து மூன்று மாதம். தகுந்த காரணம் காட்டினால் இன்னும் 30 நாள். அதற்கு மேல் ஒரு நாள்கூட எந்த நீதிபதியாலும் தர முடியாது. கொப்பரை வியாபாரி ஒருவர் கவரைப் பிரிக்காமலே பஞ்சாங்கத்துக்குள் வைத்திருந்து என்னிடம் கொண்டுவந்தார். 130 நாள் ஆகியிருந்தது. நல்ல கேஸ், என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை.

சித்தூரில் போட முடியாது. நீங்கள் அனுப்பிய பத்திர நகலில் ஆர்பிட்ரேஷன் நடக்கும் இடம் சென்னை என்று இருக்கிறது, மனுவும் அங்கேதான். ஆனால் அவர்கள் பணம் வசூலிக்க சென்னையில் நிற்க வேண்டியதில்லை. சொத்து எங்கே இருக்கிறதோ அந்தக் கோர்ட்டிலேயே நேரடியாக ஈ.பி. (தீர்ப்பை நிறைவேற்றக் கேட்கும் மனு) போடலாம் என்று 2018-ல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பாலக்காட்டில் இருக்கிற உங்கள் நிலத்துக்கு ஜப்தி வரும்.

உங்களுக்கு ஒரு பிடி இருக்கிறது. ஆர்பிட்ரேட்டரைக் கம்பெனியே தன்னிஷ்டத்துக்கு நியமித்திருக்கிறது. ஆர்பிட்ரேஷன் சட்டத்தின் 2015 திருத்தத்துக்கும் 2019 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்கும் பிறகு அது செல்லாது. இதைக் கேட்டதும் 'அவார்டே செல்லாதாமே' என்று நிம்மதியாகத் தூங்கப் போகிறவர்களைத்தான் நான் அதிகம் பார்க்கிறேன். செல்லாது என்று கோர்ட்டில் கெடுவுக்குள் கேட்பதுதான் பாதுகாப்பு. கேட்டாலும் ஜப்தி தானாக நிற்காது. ஸ்டே (இடைக்காலத் தடை) மனு தனியாகப் போட வேண்டும், பாதித் தொகையாவது கட்டச் சொல்வார்கள் என்று எதிர்பார்த்தே போங்கள். ஜெயித்தாலும் கடன் அழியாது, வேறு ஆர்பிட்ரேட்டரிடம் முதலிலிருந்து வருவார்கள்.

அதனால் முடித்துக்கொள்ளுங்கள் என்பேன். ஆனால் வெறுங்கையோடு பேசப் போகாதீர்கள். அவார்டை ரத்து செய்யும் மனுவை ஜூலை 13-க்குள் தாக்கல் செய்து, அந்த மனு நம்பரோடு போங்கள். லாரி என்ன விலைக்குப் போனது, அது கணக்கில் வரவு வைக்கப்பட்டதா என்று முதலில் ஸ்டேட்மென்ட் கேளுங்கள். அபராத வட்டியில்தான் அவர்கள் இறங்கி வருவார்கள்.

அங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. செட்டில்மென்ட் பேப்பரோடு 'ஆர்பிட்ரேட்டர் நியமனத்தில் எனக்கு ஆட்சேபம் இல்லை' என்று ஒரு தாளையும் நீட்டுவார்கள். தகராறு வந்த பிறகு எழுத்தில் அப்படிக் கொடுத்தால் உங்கள் ஒரே பிடியும் போயிற்று. பேச்சு முறிந்தால் திரும்பிப் போக வழி இருக்காது. பணம் கட்டி, பாக்கி இல்லை என்ற கடிதம் கைக்கு வரும்வரை மனுவை வாபஸ் வாங்காதீர்கள்.

ஜாமீன் போட்ட மச்சானிடம் இதையெல்லாம் மறைத்திருக்கிறீர்கள் என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். அவார்டில் அவர் பெயரும் இருக்கிறது. அவருக்கும் கவர் போயிருக்கும். எந்தத் தேதியில் வாங்கினார் என்று இன்றைக்கே கேளுங்கள்.