ஓடாத சைக்கிளில் நான்கு மாதம்

கேள்வி: வயது 41. இந்த அக்டோபரில் கோவாவில் அரை அயர்ன்மேன் (நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றும் அடுத்தடுத்து வரும் போட்டி) முடித்தேன். நீச்சல் 1.9 கி.மீ. 56 நிமிடம், சைக்கிள் 90 கி.மீ. 3 மணி 35 நிமிடம், ஓட்டம் 21.1 கி.மீ. 2 மணி 50 நிமிடம். அடுத்த ஆண்டு முழு அயர்ன்மேன் போக ஆசை. பிப்ரவரி வரை போட்டி எதுவும் இல்லை. மூன்றில் நீச்சலில்தான் நான் மோசம், பாதிப் பேர் என்னைத் தாண்டிப் போய்விட்டார்கள். இந்த நான்கு மாதமும் குளத்திலேயே கிடக்கலாமா சார்? (அரை மாரத்தான் மட்டும் தனியாக ஓடினால் எனக்கு 2 மணி 5 நிமிடம் ஆகும்.)
- வாசகர், மேடவாக்கம்

பதில்: அடைப்புக்குறிக்குள் ஒரு வரி போட்டிருக்கிறீர்களே தம்பி, விடையே அதில்தான் இருக்கிறது.

முதலில் நீச்சல் கணக்கைப் பார்த்துவிடுவோம். இப்போது 100 மீட்டருக்கு ஏறக்குறைய 2 நிமிடம் 57 நொடி எடுக்கிறீர்கள். நான்கு மாதம் குளத்தில் ஊறி அதில் 15 நொடி குறைத்தாலும் மொத்தத்தில் மிச்சமாவது 5 நிமிடம்கூட இல்லை. கோவாவில் நீச்சலுக்குக் கெடு 1 மணி 10 நிமிடம். நீங்கள் 1 மணி 8 நிமிடத்தில் கரையேறியிருந்தால் நானே உங்களைக் குளத்தில் தள்ளியிருப்பேன். 56-க்குப் பயமில்லை.

சரி, ஓட்டத்துக்கு வருவோம். தனியாக ஓடினால் 2:05, சைக்கிளிலிருந்து இறங்கி ஓடினால் 2:50. 15, 20 நிமிடம் கூடுவது சகஜம். உங்களுக்கு முக்கால் மணி நேரம் போயிருக்கிறது. கோவா வெயில் கொஞ்சம் தின்றிருக்கும், மீதியைத் தின்றது சைக்கிள்.

இதில் நான் அடிபட்டவன். 2022-ல் அதே கோவாவில் 14-வது கிலோமீட்டரில் நடக்க ஆரம்பித்தேன். ஓட்டம்தானே போச்சு, அதையே பிடிப்போம் என்று ஊருக்கு வந்ததும் ஓடித் தள்ளினேன். ஜனவரியில் சென்னை மாரத்தானை முடித்தபோது கால் முன்னெலும்பில் வலி, மாடிப்படி இறங்க முடியவில்லை. 2023-ல் மறுபடியும் கோவா. இந்த முறை 13-வது கிலோமீட்டரிலேயே நடந்தேன்! அதற்கப்புறம்தான் வாட்ச் பதிவை உட்கார்ந்து பார்த்தேன். சைக்கிளில் கடைசி ஒரு மணி நேரம் வேகம் இறங்க இறங்க, இதயத் துடிப்பு மட்டும் ஏறிக்கொண்டே போயிருந்தது. ஷூ மாட்டும் முன்பே கால் காலி.

ஆகவே உங்களுக்கு சைக்கிள். மணிக்கு 25 கி.மீ. என்பது 28 ஆனால் 90 கி.மீ.க்கே 20 நிமிடத்துக்கு மேல் மிச்சம், முழு அயர்ன்மேனின் 180 கி.மீ.க்கு அதில் இரண்டு மடங்கு. அதைவிட முக்கியம், இறங்கும்போது காலில் ஏதாவது பாக்கி இருக்கும்.

நவம்பர், டிசம்பர் மழையில் ஈ.சி.ஆரை நம்பாதீர்கள். தேங்கிய தண்ணீருக்கு அடியில் பள்ளமா தார்ரோடா என்று தெரியாது. ட்ரெய்னரில் (சைக்கிளை நகராமல் நிறுத்தி மிதிக்க வைக்கும் ஸ்டாண்டு) மாட்டி வீட்டிலேயே மிதியுங்கள். என் மனைவி அதற்கு வைத்த பெயர் ‘ஓடாத சைக்கிள்’. ஃபேனை நேர் எதிரே வையுங்கள், ஹேண்டில்பார் மேல் ஒரு துண்டு போடுங்கள். நான் போடாமல் விட்டதில் வியர்வை உப்பு இறங்கி ஹேண்டில்பாரைப் பிடித்திருக்கும் ஸ்டெம் போல்ட் துருப்பிடித்து, கடைசியில் துளைபோட்டுத்தான் கழற்ற வேண்டியிருந்தது.

மிதிக்கும் பலத்தை வாட்ஸில் காட்டும் பவர் மீட்டர் இருந்தால் 20 நிமிடம் முழு மூச்சாக மிதித்து, சராசரி வாட்ஸில் 95 சதவீதத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். அதில் 90 சதவீத அழுத்தத்தில் 10 நிமிடம் மூன்று தடவை, நடுவே 5 நிமிடம் லேசாக. வாரம் இரண்டு நாள் இது போதும். பத்தை மெதுவாக நீட்டி, ஜனவரிக்குள் 20 நிமிடம் இரண்டு தடவைக்குக் கொண்டுவாருங்கள். மீட்டர் இல்லையென்றால், பக்கத்தில் ஆள் பேச்சுக் கொடுத்தால் மூன்று நாலு வார்த்தைக்கு மேல் பதில் வராத அளவு. மழை விட்ட ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரம் வரை நிதானமாகப் போய் வாருங்கள்.

ஓட்டத்தை அடியோடு விட்டுவிடாதீர்கள். மூச்சு பழகும் வேகத்தில் எலும்பும் தசைநாரும் பழகாது. வாரம் மூன்று நாள், 40 நிமிடம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகம். நீச்சல் இரண்டு நாள், அரை மணி. யாரையாவது போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள். மூச்சுக்காகத் தலையைத் தூக்கும்போது கால் அமுங்குகிறதா என்று மட்டும் பாருங்கள், பெரும்பாலும் அதுதான் கோளாறு. நாற்பது தாண்டியவர் என்பதால் வாரம் இரண்டு நாள் எடைப்பயிற்சியும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் கணவர் அதே கோவா போட்டிக்குப் போய் வந்தார். ஒரு வருஷமாக நாலரைக்கு அலாரம் அடித்த வீடு இது. இப்போது மூன்று வாரமாக எட்டு மணி வரை தூங்குகிறார், தீபாவளி அதிரசம் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. அடியோடு விட்டுவிடுவாரோ?
- வாசகி, கோவை

பதில்: விடமாட்டார் அம்மா. போட்டிக்குப் பிறகு இரண்டு மூன்று வாரம் உடம்பு அப்படித்தான் கேட்கும், கொடுக்க வேண்டியதுதான். இரண்டு கிலோ ஏறினாலும் ஒன்றும் குடி முழுகாது. ஒன்று மட்டும் செய்யச் சொல்லுங்கள். கோவாவின் உப்புக் காற்று பட்ட சைக்கிள், செயினைத் துடைத்து எண்ணெய் விடாவிட்டால் துருப்பிடிக்கும். துடைக்க உட்கார்ந்தவர், கியர் சரியாக விழுகிறதா பார்க்கிறேன் என்று தெருமுனை வரை ஒரு சுற்று போவார். காபியைக் கொஞ்சம் தாமதமாகவே போடுங்கள்.